டப்பா மாற்றிச் சாப்பிட்டவர்கள்

ஆவடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். பாடி ஸ்டாப்பில் ஏறியவர்கள். ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷின் என்று பேச்சில் தெரிந்தது. இருவர் மடியிலும் ஆஸ்பத்திரி கவர்.

"உனக்கு ஒண்ணு, எனக்கு மூணு. இது இன்னா நாயம் மாமே?" என்றார் ஒல்லியானவர்.

"கான்சர் கட்டிக்குக் கிரேடு போட்டது டாக்டரு. நானா போட்டேன்?" என்றார் மீசைக்காரர்.

"ரெண்டு பேருக்குமே குடல்லதான் கட்டி. தெனம் டப்பாவ மாத்தித்தானே துன்னோம்? உன்து மட்டும் சாது, என்து மொரடா? பேசாம ரிப்போர்ட்டையும் மாத்திக்கலாம் வா."

மீசைக்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"கட்டியில சாயம் போட்டு ஏதோ புரோட்டீன் கீதான்னு பாத்தாங்களே. உனக்கு அது இல்லியாம். இல்லாதவனுக்குத்தான் புதுசா வந்த ஊசி நல்லா கேக்குமாம். எனக்கு அது கீது. அதனால அந்த ஊசி எனக்கு வேலைக்கு ஆவாதாம்."

"யாரு சொன்னா?"

"உன் டாக்டருதான். உங்கூட நானும்தானே உள்ள வந்தேன்? மூணுன்னு சொன்னதும் நீ அழ ஆரம்பிச்சிட்ட. மிச்சத்த நான்தான் கேட்டுக்கினு இருந்தேன். வயிறு எரிஞ்சிச்சு மச்சான்."

ஒல்லியானவர் மடியிலிருந்த கவரைக் குனிந்து பார்த்தார்.

"மாத்திக்கலாம்னியே, குடு," என்று மீசைக்காரர் கையை நீட்டினார்.

ஒல்லியானவர் சட்டென்று தன் கவரை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.