நேற்றைய நூறு மீட்டர்

சனிக்கிழமை காலை, பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் போகும் ஃபெரி. எனக்கு முன்வரிசையில் இரண்டு ஆசிரியைகள். விளையாட்டு உடையில் இருந்த இளையவள், கழுத்தில் தொங்கிய ஸ்டாப் வாட்சை அமுக்குவதும் நிறுத்துவதுமாக இருந்தாள்.

“அக்கா, நேத்து அந்தப் பொண்ணு என் ரெக்கார்டை உடைச்சுட்டா. நான் அவகிட்ட சொல்லல.”

“எந்த ரெக்கார்டு?”

“நூறு மீட்டர். நான் நம்ம ஸ்கூல்ல படிக்கிறப்ப ஓடுனது. இன்னமும் ஹால் போர்டுல என் பேருதான் இருக்கு. வாட்ச்சுல பார்த்தேன், என்னைவிட வேகம். வாயத் தொறந்து, நேரத்தைக் கூட்டி வேற நம்பர் சொல்லிட்டேன்.”

“தலைக்கனம் வரக்கூடாதுன்னு சொல்லியிருப்ப லா.”

“அப்படித்தான் எனக்கே சொல்லிக்கிட்டேன். நாலு வருசமா அவள ஓட வைக்கிறதே அதை உடைக்கத்தான்கா. அவ என்ன சொன்னா தெரியுமா? ‘சாரி டீச்சர், இன்னொரு வாட்டி ஓடுறேன்’னா. இன்னும் மூணு வாட்டி ஓடுனா. கடைசியில கால் இழுத்துக்கிச்சு.”

ஃபெரி துறையை நெருங்கியதும் இளையவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். வாட்சைக் கழற்றி மூத்தவளின் மடியில் வைத்தாள்.

“ப்ராக்டீஸுக்குப் போனதும் அவகிட்ட நெசத்தச் சொல்லிடுறேன். இனிமே டைம் நீங்க பிடிங்கக்கா.”

“எனக்கு இத அமுக்கக்கூடத் தெரியாது லா.”

“பரவால்ல. உங்க பேரு போர்டுல இல்ல.”