பதினேழு இஞ்ச் மானிட்டர்

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவது எனக்குப் பிடிக்காது, டாக்டர். பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக மாற்றினால் போதும், இன்னும் ஐந்தாறு வருடம் ஓடும். நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் இதைத்தான் சொல்வேன்.

போன வியாழக்கிழமை என் தம்பி கிருபாசங்கரைப் பார்த்துவிட்டு, மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று புரியவில்லை, அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்றீர்கள். வலிப்பு எப்போது ஆரம்பித்தது, எப்போதெல்லாம் வந்தது, அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தான், பக்கத்தில் யார் இருந்தார்கள், ஒன்றும் விடாமல் எழுதி வாருங்கள் என்று ஒரு தாளும் கொடுத்தீர்கள். அதில் இடம் போதவில்லை. அதனால் தனியாக எழுதுகிறேன். அளவைக் கூட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

முதல் வலிப்பு 1988-இல். அவனுக்குப் பதினாறு வயது. எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். என்னை விருந்துக்கு அழைத்துப் போக, என் கணவர் ஊரான காங்கேயத்துக்கு வந்திருந்தான். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். சாயங்கால வெயில். சாலையோரம் தென்னந்தோப்பு. மரங்களுக்கு நடுவே சூரியன் பளிச் பளிச்சென்று அவன் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. கண்ணிமை துடித்தது. கை வெட்டி வெட்டி இழுத்தது. அப்புறம் என் மடியில் விழுந்தான். யாரோ அவன் கையில் ஒரு சாவிக்கொத்தைத் திணித்தார்கள். இரும்பு பட்டால் நிற்கும் என்பார்களே. அது தானாக நிற்பதுதான் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது எனக்கும் தெரியும்.

அன்றைக்குப் பார்த்த டாக்டர் என்னிடம்தான் விவரமாகச் சொன்னார். விட்டுவிட்டு அடிக்கும் வெளிச்சம் இவனுக்கு ஆகாது. இருட்டறையில் டி.வி. பார்க்கக் கூடாது, கிட்டே உட்காரக் கூடாது. நான் அம்மாவிடம், நாலு வருடம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னேன். அம்மாவுக்கு அதுவே அதிகம். வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். கிருபாவிடமே, வெயில் மயக்கம் என்றுதான் சொன்னோம். மாத்திரையைச் சத்து மாத்திரை என்று கொடுத்தாள். எங்கள் ஆட்கள் நோயை மறைக்க ஆரம்பித்தால் நோயாளியிடமிருந்தே மறைத்துவிடுவார்கள். நாலு வருடத்தில் மாத்திரையை நிறுத்தியாயிற்று. பிறகு வரவே இல்லை. ஆக, அந்த வெளிச்ச விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காங்கேயத்தில் என் கணவர் வீட்டில் எண்ணெய் ஆலை இருந்தது. குழந்தை இல்லை என்று நாலாம் வருடம் அவர் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் போத்தனூருக்கே திரும்பிவிட்டேன். அப்பா ரயில்வேயில் இருந்து கட்டிய வீடு. ஒரு கூடம், இரண்டு அறை. அப்பா போன பிறகு அம்மா மயிலாத்தாளுக்கு முழங்கால் வலி. சாவிக்கொத்தை என் இடுப்புக்கு மாற்றிவிட்டாள். நான் கம்ப்யூட்டர் படித்தேன், சென்டரில் சேர்ந்தேன். முத்தாத்தாள் என்ற பெயர் அங்கே முத்து மிஸ் ஆயிற்று. நன்றாகத்தான் இருந்தேன்.

ஒருநாள் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"கிருபாவுக்கு ஒண்ணு முடிஞ்சு போச்சுன்னா, வாரவ எப்படி இருப்பாளோ. உள் ரூமு அவங்களுக்குத்தான் வேணும். அதுக்குள்ள நீயும் ஒரு வழி பண்ணிக்கோணும் அம்மணி."

கோபமாகச் சொல்லவில்லை. அரிசியில் கல் இருக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். உள் அறை என் அறை. எனக்குப் போக வேறு இடமில்லை.

கம்ப்யூட்டர் வந்தது அந்த வருடம்தான், 1997. சென்டரில் பழைய 486 மெஷின்களைக் கழித்தார்கள், நான் ஒன்றை வாங்கி வந்து என் அறையில் வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது மனதில் ஒன்றும் இல்லை. கிருபா நூல் மண்டி ஒன்றில் வேலை பார்த்தான். சாயங்காலமானால் நண்பர்களோடு சுற்றப் போய்விடுவான். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தான். கார் ரேஸ் விளையாடுவான். அந்த மெஷினில் கார் மாட்டு வண்டி மாதிரிதான் போகும். "அக்கா, இதுக்கு ராம் போட்டா வேகமா ஓடுமா?" என்று கேட்டான். போட்டேன்.

காந்திபுரத்தில் மாடியில் கடை வைத்திருக்கும் கலீல் ரஹ்மானிடம்தான் எல்லாம் வாங்கினேன். கழற்றி விற்ற சாமான்களில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைப்பார். ராமுக்குப் பிறகு சவுண்ட் கார்டு, சி.டி. டிரைவ். அடுத்த தீபாவளிக்கு மதர்போர்டையே மாற்றிப் பெண்டியம் போட்டோம். துப்பாக்கி விளையாட்டு சரளமாக ஓடியது. அதில் சுடச்சுடத் திரை முழுக்க வெள்ளையாக மின்னும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காபி கொண்டு போனேன். கிருபாவின் இடது கண்ணிமை துடித்தது. பஸ்ஸில் துடித்த அதே துடிப்பு. இரண்டு நொடிதான். நின்றுவிட்டது, அவனுக்குத் தெரியவும் இல்லை. நான் காபியை வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கே கம்ப்யூட்டரை எடுத்திருக்க வேண்டும். எடுத்தால் மறுபடி ஊர் சுற்றப் போவானே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

சென்னிமலையிலிருந்து ஜாதகம் வந்தது அதற்கடுத்த மாதம். பெண் லோகப்பிரியா, பி.காம். அப்பா காளிச்சாமி பெட்ஷீட் வியாபாரம் செய்கிறவர். பெண்ணைப் பார்த்தோம். நல்ல பெண், டாக்டர். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கிருபாவுக்குப் பிடித்துவிட்டது. பேசி முடிக்க அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காளிச்சாமி ஒரு கட்டுப் பெட்ஷீட் கொண்டுவந்தார்.

எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் கூடப்பிறந்தவள் நிற்க வேண்டும். இணைச்சீர் என்பார்கள். கூறைப்புடவைக் கூடையோடு அவள் அவனோடு நிற்பாள். யார் வந்தாலும் உனக்கு இந்த வீட்டில் உரிமை உண்டு என்று அவன் ஊர் முன்னால் சொல்வது மாதிரி அது. அந்தச் சீருக்கு நான் ஆறு வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன புடவை கட்டுவது என்றுகூட வைத்திருந்தேன்.

காளிச்சாமியின் சம்சாரம் தட்டை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. இணைச்சீருக்கு உங்க பெரியப்பா மக நிக்கட்டுங்க. குடும்பம் நடத்தறவங்க நின்னா நல்லதுன்னு எங்க ஊட்டுப் பெரியவங்க நெனைக்கறாங்க."

"அதுக்கென்னங்க, அப்படியே செஞ்சுபோடலாம்" என்றாள் அம்மா.

கிருபா காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும். "எங்கக்காதான் நிக்கும்" என்று சொன்னால் போதும். காபியில் படிந்திருந்த ஆடையை விரலால் எடுத்துப் போட்டான்.

மறுநாள் கலீல் ரஹ்மான் கடைக்குப் போனேன். விளையாட்டுகளை இன்னும் வேகமாகக் காட்டும் ஒரு 3டி கார்டும், அச்சகம் ஒன்றில் கழித்த பதினேழு இஞ்ச் மானிட்டரும் வாங்கினேன். அந்த மானிட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. எங்கள் மேசையில் வைத்தால் மூக்குக்கு முன்னால் நிற்கும்.

"ஏனுங்க முத்து மிஸ், இதை எண்பத்தஞ்சுலயே வெச்சுக்கோங்க. கொறைச்சீங்கன்னா திரை துடிச்சுட்டே இருக்கும், கண்ணு போயிருமுங்க" என்றார்.

திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்கிற எண் அது, எனக்குத் தெரியாததில்லை. அதைத்தான் சென்டரில் புதன்கிழமைகளில் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து ஆகக் குறைந்த எண்ணில் வைத்தேன். வெளிச்சத்தை முழுக்கக் கூட்டினேன். திரையில் ஜன்னல் வெளிச்சம் விழுகிறது என்று காளிச்சாமி கொடுத்த பெட்ஷீட் ஒன்றை ஜன்னலுக்கு ஆணியடித்து மாட்டினேன். கெட்டியான நெசவு. பகல் பதினொரு மணிக்கு அறை கிணற்றுக்குள் இருப்பது போல இருந்தது. கிருபா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன மாதிரி அக்கா யாருக்குங்க்கா கெடைக்கும்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை.

இரண்டாவது வலிப்பு அந்த ஞாயிற்றுக்கிழமை. உங்கள் தாளில் தேதி எழுதியிருக்கிறேன். பெண் வீட்டார் உறவுக்காரர்களோடு வீடு பார்க்க வரும் நாள். அவர்கள் பதினொரு மணிக்கு வருவதாகப் பேச்சு. நான் கிருபாவிடம் பன்னிரண்டு என்று சொன்னேன். காலை ஏழு மணிக்கே உட்கார வைத்துவிட்டேன். முந்தின இரவும் அவன் சரியாகத் தூங்கவில்லை, கார்டு புதிது.

பத்தரைக்கு, "அக்கா, கண்ணெல்லாம் ஒரு மாதிரி கூசுது. போதும், குளிக்கப் போறேன்" என்று எழுந்தான்.

"இன்னும் நேரம் கெடக்குது கண்ணு. அந்த லெவலை முடிச்சுப்போட்டுப் போ" என்றேன்.

உட்கார்ந்தான். என் பேச்சைத் தட்டியதே இல்லை.

கூடத்தில் அவர்கள் வந்து உட்கார்ந்து, அம்மா தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. அறைக் கதவு சாத்தியிருந்தது. இரண்டு நிமிடம் சாத்தியே வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என்னமோ விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அம்மா என்னைப் பார்த்தாள், அந்தப் பார்வை அதைத்தான் கேட்டது. நான் எழுந்து போய்க் கதவை அகலமாகத் திறந்தேன். எல்லோரும் பார்க்க இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, குனிந்து, அவன் கையில் கொடுத்தேன். அதற்கு மேல் அந்த வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. காளிச்சாமி மட்டும் வாசலில் நின்று, "முன்னமே சொல்லியிருக்கலாமுங்க" என்றார். மரியாதையான மனிதர்.

அதற்குப் பிறகு ஜாதகம் வரவில்லை. நாங்கள் உறையில் போட்டு அனுப்பிய ஜாதகமும் திரும்பி வந்தது. நூல் மண்டியிலும் விஷயம் தெரிந்து, வீட்டில் இருந்து ஓய்வெடு என்றார்கள். சைக்கிள், பைக் இரண்டையும் அம்மா விற்றுவிட்டாள். அவனுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு அந்தக் கம்ப்யூட்டர். அதையும் எப்படிப் பிடுங்குவது?

மூன்றாவது வலிப்பிலிருந்து எட்டாவது வரைக்கும் அப்படி வந்தவை. உங்களிடம் கூட்டி வந்தபோது, வலிப்பு வந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்தான் என்று சொன்னது நான். நீங்கள் எழுதிக் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கிறேன், அதில் நான் குறை வைத்ததே இல்லை. மாத்திரை நல்ல மாத்திரைதான். அதனால்தான் சொல்கிறேன், அளவைக் கூட்டாதீர்கள்.

இந்த வருடம் மார்ச், ஏப்ரலில் அவனுக்கு வலிப்பே வரவில்லை என்று சந்தோஷப்பட்டீர்கள். அப்போது மானிட்டர் ரிப்பேரில் இருந்தது. கிருபாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. காலையில் நடக்கப் போனான். ஒருநாள் சாப்பிடும்போது, "அக்கா, பெங்களூர்ல ஃப்ரெண்டு ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்களாம். நல்லாத்தானே இருக்கறேன், போய்ப் பாக்கட்டுமா?" என்றான். இரண்டு நாளில் மானிட்டரை வாங்கிவந்து மாட்டினேன். அவன் வேண்டாம் என்றான், விளையாட்டில் ஆசை விட்டுப் போயிற்று என்றான். நான் கலீல் ரஹ்மானிடம் புதிதாக வந்த ஒரு விளையாட்டு சி.டி. வாங்கி மேசையில் வைத்தேன். மூன்று நாள் தொடவில்லை. நாலாம் நாள் தொட்டான்.

ஒன்பது, பத்து, பதினொன்று. பதினொன்றாவதில்தான் மேசை விளிம்பில் தலை அடிபட்டது. ஏழு தையல். இடது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. அது நான் நினைக்காதது. மற்றதெல்லாம் நினைத்துச் செய்தது. யாரும் எழுதிக் கேட்காததால் இதுவரை எழுதவில்லை.

இப்போது அம்மா கூடத்தில் படுத்துக்கொள்கிறாள், என்னோடு அதிகம் பேசுவதில்லை. உள் அறையை நான் கிருபாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறேன். ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போட வராது, நான் போட்டுவிடுகிறேன். சென்டர் வேலையை விட்டுவிட்டேன். கடைவீதிக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. கதவைப் பூட்டிக்கொண்டுதான் பக்கத்துக் கடைக்கே போகிறேன். ஜன்னலில் அந்தப் பெட்ஷீட் அப்படியே இருக்கிறது. சில சமயம் எனக்கே மூச்சு முட்டுகிறது.

உங்கள் தாளின் கடைசிக் கேள்விக்குப் பதில், பதினொரு முறையும் பக்கத்தில் நான்தான் இருந்தேன். அதற்குக் கீழே, நோயாளியைத் தனியாக விடக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், டாக்டர். அவனைத் தனியாக விடும் எண்ணம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.