நாப்பத்திரண்டாவது சீட்டு

— பத்தொம்போது நாளு சார். பத்தொம்போது நாளுக்காக எங்க வூட்டுக்காரரு செத்தது பொய்யா ஆயிடுமா?

— செத்தது பொய்யாகாது மரகதம்மா. அந்த கார்க்காரன் குடிச்சிருந்தான்னு நான் ஊத வெச்சு மிஷின்ல புடிச்சேனே, அது செல்லாம போயிடும். அவ்ளோதான்.

— அவ்ளோதான்னு சொல்றீங்க.

— கோவிச்சுக்காதீங்க. இப்படி பெஞ்சுல ஒக்காருங்க. நம்ம கேஸ பதினோரு மணிக்கு மேல தான் கூப்பிடுவாங்க. கேன்டீன்ல காபி வாங்கியாரட்டா?

— வேணாம். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. மிஷின் நல்ல மிஷின் தானே?

— மிஷின் பேஷா இருந்துச்சு. அது கரெக்டா அளக்குதுன்னு அதுக்குத் தனியா ஒரு சர்டிபிகேட் இருக்கு. ஊத வெக்கற போலீஸ்காரனுக்கும் ஒண்ணு வேணும். ரெண்டு நாள் க்ளாஸ். அப்புறம் பரீட்சை. மிஷின கையில குடுத்து செஞ்சு காட்டச் சொல்லுவாங்க. பாஸானா ஒரு வருஷம் ஓடும். முடிஞ்சா மறுபடியும் போய் ஒக்காரணும்.

— வண்டி லைசன்ஸ் மாதிரி.

— ஹௌது, ஆமா, அதே மாதிரி தான். என்னுது முடிஞ்சு பத்தொம்போதாம் நாள் ஆக்சிடென்ட்டு.

— ஏன் சார் போகல?

— ரெண்டு வாட்டி பேரு வந்துச்சு. ஒரு வாட்டி யாரோ மந்திரி வர்றாருன்னு ரோட்டுல நிக்க வெச்சாங்க. அடுத்த வாட்டி தேர் பந்தோபஸ்து. அப்புறம் நானே விட்டுட்டேன். இருபத்தேழு வருஷமா ட்ராஃபிக்ல இருக்கேன், இந்த ரங்காவுக்கு எவன் வந்து ஊத வெக்கக் கத்துக் குடுக்கறதுன்னு ஒரு திமிரு. உள்ளத சொல்றேன்.

— பத்தொம்போது நாள்ல ஊத வெக்கறது மறந்தா பூடும்?

— அது மறக்கல. ஆனா வக்கீலு அத தான் கெட்டியா புடிச்சுக்கிட்டாரு. ரூலு ரூலு தான்னு ஜட்ஜும் சொல்லிட்டாரு. இன்னிக்கு என்ன கூண்டுல ஏத்தி சர்டிபிகேட்ட காட்டுன்னு கேப்பாங்க.

— அந்தாளுக்கு ரத்தமும் எடுத்தாங்களே.

— எங்க எடுத்தாங்க? நெஞ்சு வலிக்குதுன்னு பெரிய ஆஸ்பத்திரில போய் படுத்துக்கிட்டான். மறுநாள் காலைல எடுத்தா எல்லாம் எறங்கிப் போச்சு. ஞாயித்துக்கெழம மத்யானம் மூக்கு முட்ட குடிச்சிட்டு காக்ஸ் டவுன் சிக்னல்ல அந்த வேகத்துல வந்தவன். முப்பது தாண்டக்கூடாது, அவனுக்கு நூத்தி எண்பத்தாறு. அந்த ஒரு சீட்டு தான் இப்போ சாட்சி.

— அப்போ சர்டிபிகேட் இருக்குன்னு சொல்லு சார். ஒரே ஒரு வார்த்த. உன் கால்ல வேணா வுழறேன்.

— ஐயோ, எந்திரிங்க. எல்லாரும் பாக்கறாங்க. சும்மா சொன்னா பத்தாதும்மா, காட்டணும்.

— காட்டேன்.

— காட்டறதுக்கு இருக்கு.

— இன்னா சார் சொல்ற?

— இந்த பைல்ல இருக்கு. பழைய தேதி போட்டது. எங்க டிபார்ட்மென்ட்ல தெரிஞ்சவரு ஒருத்தரு நேத்து சாயந்திரம் கொண்டாந்து குடுத்தாரு. சீலு, கையெழுத்து, எல்லாம் பக்கா. கேஸ் தோத்தா நம்மள பாத்து சிரிப்பாங்க ரங்கா, இத காட்டிட்டு வந்துடுன்னாரு.

— இத மடியில வெச்சுகினா இவ்ளோ நேரம் காபி வேணுமான்னு கேட்டுகினு இருக்கீங்க?

— ராத்திரி பூரா தூங்கல மா.

— நான் பதினாலு மாசமா தூங்கல. ஜீவனஹள்ளில எங்க தெருவுல வந்து கேளுங்க, இன்னா பேசறாங்கன்னு. குடிகாரன், டிவிஎஸ் வண்டில தண்ணி கேன வெச்சுகினு குறுக்க பூந்து செத்தான்னு. அந்த கார்க்காரன் உள்ள போனா தான் அந்த வாயி மூடும். ஆரம்பிச்சு வெச்சவளே நான் தான் சார்.

— நீங்க என்ன பண்ணீங்க?

— உங்களுக்குத் தெரியாதா? நான் குடுத்த வாக்குமூலத்த தானே அந்த வக்கீலு போன வாட்டி சத்தமா படிச்சாரு.

— கன்னடத்துல படிச்சாரு. காலைல வாசன வந்துச்சுன்னு நீங்க சொன்னதா.

— சொன்னேன். ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு போலீஸ்காரரு, உன் புருஷன் குடிப்பானான்னு கேட்டாரு. முன்ன குடிப்பாரு, வுட்டு நாலு வருஷமாச்சு, இன்னிக்கு காலைல வாயில வாசன வந்துச்சுன்னு சொல்லிட்டேன். இருமல் மருந்துடின்னு தான் அவரு சொன்னாரு. பாட்டில காட்டுன்னேன். அங்கியும் இங்கியும் தேடினாரு, கெடைக்கல. மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா, இனிமே என் மூஞ்சில முழிக்காதன்னு சோத்து டப்பாவ எடுத்து உள்ள வெச்சுட்டேன். வெறும் வயித்தோட கேன் போடப் போனாரு சார்.

— அப்புறம் உங்க கிட்ட பேசவே இல்லையா?

— ஆஸ்பத்திரில மூணு நாளு கண்ணே தொறக்கல. போய்ட்டாரு. அதுக்கப்புறம் யாரு கிட்ட கேப்பேன், அது மருந்தா சாராயமான்னு?

— இந்தாங்க, தண்ணி குடிங்க.

— அந்த வக்கீலு இன்னொண்ணும் கேட்டாரே. ஏதோ நம்பரு காணோம்னு. நீங்க தல குனிஞ்சுகினீங்க. நான் பாத்தேன்.

— சீட்டு நம்பரு. மிஷின்ல ஒவ்வொரு வாட்டி சீட்டு வர்றப்பவும் ஒரு நம்பரு ஏறும். ட்யூட்டி ஆரம்பிக்கறப்போ மொதல்ல நாங்களே ஊதிப் பாக்கணும், மிஷின் சைபர் காட்டுதான்னு. அன்னிக்கு நான் ஊதினது நாப்பத்தொண்ணு. கார்க்காரனுது நாப்பத்திமூணு. நடுவுல நாப்பத்திரண்டு எங்கன்னு கேக்கறாரு. கார்க்காரன் மொதல்ல ஊதினது தான் அது, அதுல குடிச்சதா வரல, நான் கிழிச்சுப் போட்டுட்டேன்னு அவரு கதை கட்டறாரு.

— நெஜமா அப்படியா?

— இல்ல.

— அப்போ எங்க போச்சு?

— என் கிட்ட தான் இருக்கு. பர்ஸுல.

— பதினாலு மாசமாவா?

— இந்தக் காகிதம் வெயில் பட்டா எழுத்து போயிடும். இருட்டுல வெச்சிருந்தும் மங்கிப் போச்சு பாருங்க. நம்பர படிக்கத் தெரியுமா?

— நாலு, ரெண்டு. கீழ சைபரு, சைபரு, சைபரு. இது யாரு ஊதினது சார்?

— உங்க வீட்டுக்காரரு.

— அடிபட்டுக் கெடந்தவரையா ஊத வெச்சீங்க?

— டிவைடர்ல சாஞ்சு ஒக்காந்திருந்தாரு. ரத்தம் ஒண்ணும் வெளிய தெரியல. நல்லா பேசினாரு. கார்க்காரன் நின்னுக்கிட்டு, இவன் குடிச்சிட்டு குறுக்க வந்தான்னு கத்தறான். சுத்தி இருந்தவங்களும் ஆமாங்கறாங்க. ஆம்புலன்ஸ் வரல.

— அதுக்கு?

— மொத வாட்டி மிஷின் எடுத்துக்கல, சீட்டே வரல. அஞ்சு செகண்டு விடாம ஊதணும். விலா எலும்பு மூணு ஒடஞ்சிருந்துச்சுன்னு எனக்கு அப்போ தெரியாது. ரெண்டாவது வாட்டி கண்ண மூடிக்கிட்டு ஊதினாரு. பீப் சத்தம் வர்ற வரைக்கும் நிறுத்தல. அடுத்த நாளு தான் எனக்கு ஞாபகம் வருது, அடிபட்டவங்கள ஊத வெக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்னு க்ளாஸ்ல சொல்லிக் குடுப்பாங்க. பத்தொம்போது நாள் முன்னாடி போய் ஒக்காந்திருந்தா, அது என் காதுல கேட்டுக்கிட்டு இருந்திருக்கும்.

— நீங்களும் என்ன மாதிரி தான் சார். வுழுந்து கெடந்த மனுஷன மோந்து பாத்திருக்கீங்க.

— அந்த சீட்ட ரிப்போர்ட்டோட சேத்திருந்தா என் வேலை அன்னிக்கே போயிருக்கும். மறைச்சுட்டேன். அதான் பண்ணேன்.

— குடிக்கல. சைபரு. அது இருமல் மருந்து தான்.

— ஹௌது. மத்யானத்துக்குள்ள மருந்து வாசன கூட இல்ல.

— சரி. இப்போ இன்னா பண்ணப் போறீங்க?

— அத கேக்க தான் உங்கள சீக்கிரமே வரச் சொன்னேன். ரெண்டு வழி இருக்கு. பழைய தேதி சர்டிபிகேட்ட காட்டினா, கார்க்காரன் சீட்டு நிக்கும், அவன் உள்ள போவான். ஆனா நாப்பத்திரண்ட வெளிய எடுக்க முடியாது. சர்டிபிகேட் வெச்சிருக்கறவன் அடிபட்டவன எப்படிய்யா ஊத வெச்சன்னு அந்த வக்கீலு நோண்டினா, தேதி பொய்யின்னு ரெண்டு கேள்வில வெளிய வந்துடும். பேப்பர் சிக்கிக்கிச்சு, கிழிச்சுப் போட்டேன்னு சொல்லிட்டு இத இப்பவே கிழிச்சுடணும்.

— இன்னொரு வழி?

— உள்ளத சொல்றது. சர்டிபிகேட் இல்ல, ரூல மீறி ஊத வெச்சேன், சீட்டு இதோன்னு. கார்க்காரன் வெளிய போயிடுவான், நானும் வேலைய விட்டு வெளிய போயிடுவேன். ஆனா உங்க வீட்டுக்காரரு சீனுவாசன் குடிக்கலன்னு எல்லார் எதிர்லயும் சொன்ன மாதிரி ஆகும்.

— கோர்ட்டு ஒத்துக்குமா அத?

— ஒத்துக்காது. ரெண்டு சீட்டும் ஒரே மிஷினு, ஒரே போலீஸ்காரன். ஒண்ணு செல்லலன்னா இன்னொண்ணும் செல்லாது. கோர்ட்ல இருக்கறவங்க காதுல வேணா விழும்.

— அப்போ கிழிச்சுடுங்க.

— யோசிச்சு சொல்லுங்க.

— யோசிக்க ஒண்ணுமில்ல சார். செல்லாத காகிதத்த வெச்சுகினு நான் இன்னா பண்ணப் போறேன்? இப்போ எனக்குத் தெரிஞ்சு போச்சு, அது போதும். அவரு குடிக்கலன்னு எனக்குத் தெரியும், குடிச்சவன் ஜெயில்ல இருப்பான். நீங்க சந்தேகப்பட்டு ஊத வெச்ச சீட்டு எனக்கு வேணாம்.

— மரகதம்மா...

— கூப்பிடறாங்க பாருங்க. உங்க பேரு தான். கிழிச்சுட்டு போங்க.

— கிழிக்கறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோங்க, இத்தன நாளா உங்க மூஞ்சிய பாத்து சொல்ல தைரியம் இல்ல. நான் ஊதச் சொல்லலம்மா. வேணாம், ஆம்புலன்ஸ் வந்துடும்னு தான் சொன்னேன். அவரு என் கைய புடிச்சு மிஷின இழுத்துக்கிட்டாரு. "வாயால சொன்னா எம் பொண்டாட்டி நம்ப மாட்டா சார், சீட்டா குடுங்க, வூட்டுக்குப் போய் அவ கையில குடுக்கணும்"னாரு.