கொளஞ்சியப்பனின் வாசிப்பு

களிமண்ணில் எழுதிய கோடு எது, தானாக விழுந்த விரிசல் எது என்று புகைப்படத்தில் பிரித்தறிவது நீங்கள் நினைப்பதைவிடச் சிரமம், ஐயா. எங்களைத் திணறவைத்தது அப்படி ஒரே ஒரு கோடுதான்.

ஆப்பெழுத்து பழைய ஈராக்கில் பிறந்தது. ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியை அழுத்தி எழுதுவார்கள். தலை தடித்து வால் மெலிந்து, ஆப்பு மாதிரியே இருக்கும். ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால் உலகத்தில் எந்தக் கணினியும் அதைக் காட்டும். எண் இல்லாத குறி வெறும் படம். கள்ளக்குறிச்சியில் செருப்புக் கடை மாடியில் உட்கார்ந்து, வெளிநாட்டு ஆய்வாளர்களுக்காக நானும் கொளஞ்சியப்பனும் இந்த வேலையைப் பார்த்தோம்.

முறை அழகானது. ஒரே பலகையை இருவரும் தனித்தனியாகப் படித்து உள்ளிட வேண்டும். இரண்டும் பொருந்தினால் மேலே, ஆய்வாளர்களுக்குப் போகும். இல்லாவிட்டால் கிடப்பில் நிற்கும்.

நான் ஒரு புதுக் குறியைக் கண்டுபிடித்தேன். தெரிந்த குறிதான், கூடுதலாக ஒரு கோடு. அதற்கு எண் வாங்குவது என் கனவு. கொளஞ்சியப்பன் அந்தக் கோட்டை விரிசல் என்றே பதிந்தான்.

"வெரிசலுக்கெல்லாம் நம்பர் குட்த்தா எங்கூட்டு செவுத்துக்கும் ஒண்ணு வாங்கணும்பா."

மறுபடி பார்க்கச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணாட்டம் பாக்கறதுக்கா ரெண்டு சம்பளம்?" என்றான். நியாயம்தான்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தால் பஸ் ஓடாத வாரம் அது. பைக்கில் அவனைக் கல்வராயன் மலைக்கு அழைத்துப்போய், ஓடைக்கரையில் களிமண் பிசைந்து, நாணல் வெட்டி, அழுத்திக் காட்டினேன். அழுத்திய கோட்டுக்குத் தடித்த தலை உண்டு; பக்கத்தில் வெயில் பிளந்த விரிசலுக்குக் கிடையாது. முட்டிபோட்டு ரசித்துப் பார்த்தான்.

"சூப்பரா வெளங்குது. போட்டோல உன் கோட்டுக்குந்தான் தலையக் காணோம்."

ஓடை அருவியாக விழும் இடத்துக்கு மேலே பாறை வழுக்கும். எட்டிப் பார்க்கச் சொன்னேன். எட்டிப் பார்த்தான். முதுகில் கை வைத்துத் தள்ளினேன். அருவிச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

அவன் மனைவி ஆண்டாள் மாடியேறி வந்தாள். "அவுருக்குப் போனே போவலிங்களே?"

"எங்கனா மறியல்ல மாட்டிக்கினு இருப்பான்மா. மலைல டவர் கம்மி." நம்பினாள். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் மாட்டியிருந்தார்கள்.

கொளஞ்சியப்பன் கடவுச்சொல்லைத் தட்டும்போது வாய்விட்டுச் சொல்வான். அதனால் ஒவ்வொரு பலகையையும் முதலில் என் பெயரில் உள்ளிடுவேன். ஒரு டீ குடித்துவிட்டு, நடுநிலையோடு, அவன் பெயரிலும் உள்ளிடுவேன். என் குறி மேலே போய்விட்டது, ஐயா. அன்றிலிருந்து இரண்டு வாசிப்பும் இம்மி பிசகாமல் பொருந்துகின்றன.