ஆளைப் பார்க்க வேண்டியவர்

மேலே குறிக்கப்பட்டுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவைதான். வயது முப்பத்திரண்டு. திருமணமாகவில்லை. அண்ணன் வீட்டு மாடியறையில் அவரும் நானும் சேர்ந்து கணினி விளையாட்டுகள் தயாரித்து வருகிறோம். எங்களுக்கு முதலாளி கிடையாது, வேலையாள் கிடையாது. நிரல் எழுதுவது அண்ணன், ஓசையும் கதையும் நான், குறை சொல்வது அண்ணி. நேற்று முன்தினம் என் அண்ணன் இதே காவல் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலம் உண்மையல்ல என்பதைத் தெரிவிக்கவே இதைச் சொல்கிறேன். யாரும் என்னை மிரட்டவோ வற்புறுத்தவோ இல்லை.

நாங்கள் இரண்டு வருடமாகச் செய்துவரும் விளையாட்டு, தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆடுவது. மாட்டியதும் கண்ணும் காதும் அடைபட்டு, ஆடுபவர் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன ஒரு லிஃப்டுக்குள் இருப்பார். இரண்டு கைகளுக்கும் ஒவ்வொரு கைப்பிடி கொடுப்போம்; நிஜக் கை அசைந்தால் உள்ளே தெரியும் கையும் அசையும். நிதானமாக இருந்தால் வெளியே வரலாம், பதறினால் லிஃப்ட் கீழே நழுவும். பதறாத காரியம் சிதறாது என்பதைத்தான் விளையாட்டாகச் செய்திருக்கிறோம் என்று அண்ணன் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார். ஆடுபவர் உள்ளே காண்பதெல்லாம் அப்படியே என் மேசை மீதுள்ள திரையிலும் தெரியும்.

வெளி ஆட்களை வைத்துச் சோதிக்கும்போது எங்களுக்கு இரண்டு விதிகள் உண்டு. ஆடுபவர் எவ்வளவு திணறினாலும் நாங்கள் வாய் திறக்கக் கூடாது. நாளைக்கு அவரவர் வீட்டில் ஆடும்போது நாங்கள் போய்ப் பக்கத்தில் நின்று சொல்லித்தர முடியாது என்பதால், எங்கே தடுமாறுகிறார், எங்கே பயப்படுகிறார் என்று நேரத்தோடு நோட்டில் குறித்துக்கொள்ள மட்டும் வேண்டும். அடுத்தது, எப்போதும் அறையில் நாங்கள் இருவரும் இருக்க வேண்டும்; ஒருவர் திரையைப் பார்க்க, ஒருவர் ஆளைப் பார்க்க. மேற்படி அறை சிறியது, மேசை சுவரை ஒட்டிப் போடப்பட்டிருக்கிறது. திரையைப் பார்ப்பவருக்கு ஆடுபவர் முதுகுப் பக்கம்தான் இருப்பார். அதனால்தான் அந்த இரண்டாவது விதியை வைத்தோம், வைத்தவள் நான்.

சம்பவத்தன்று மாலை ஐந்து மணிக்குள் எங்கள் விளையாட்டை ஒரு கண்காட்சிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. தனி ஆட்கள் செய்த விளையாட்டுகளுக்காகவே நடப்பது அது. ஆறு பேரை வைத்துச் சோதித்த குறிப்புகளையும் இணைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முந்தைய நாள் மூன்று பேரும் அன்று காலை இரண்டு பேரும் ஆடி முடித்திருந்தார்கள். காலையில் ஆடிய இருவருக்கும் ஒரே கோளாறு வந்தது. நிற்பவரின் உயரத்தை விளையாட்டு தொலைத்துவிட, பார்வை சட்டென்று கீழே இறங்கி, லிஃப்டின் தரை திரை முழுக்கத் தெரிந்தது. கைகள் இரண்டும் அந்தத் தரையில் கிடந்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அண்ணன் பதினொன்றரை மணி வரை அதோடு மல்லுக்கட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்று சொன்னார். அதன் பிறகு, ஒரு கேபிள் பழுதாகியிருந்ததால் வேறு வாங்கிவரக் கடைத்தெருவுக்குப் போனார். போகும்போது, தான் வரும்வரை யாருக்கும் மாட்டிவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆறாவதாக வரவேண்டியவர் ஒரு பல் மருத்துவமனை வரவேற்பாளர். பன்னிரண்டு மணிக்குப் போன் செய்து, விடுப்பு கிடைக்கவில்லை, வர முடியாது என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு சுமார் பன்னிரண்டரை மணிக்கு அண்ணி எங்கள் இருவருக்கும் சாப்பாடு எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். அவருக்கு வயது முப்பத்தெட்டு. ஒரு நூலகத்தில் வேலை செய்கிறார், அன்று அவருக்கு வார விடுமுறை. எங்கள் விளையாட்டை அதுவரை அவர் ஆடியதே இல்லை. சின்ன வயதிலிருந்தே ராட்டினம்கூட ஏறமாட்டார், தலை சுற்றும் என்பார். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

"ஒரே ஒரு தடவை அண்ணி, பத்தே நிமிஷம். ஆள் வரலை. இன்னைக்கு விட்டா அடுத்த வருஷம்தான்."

"உங்க ரெண்டு பேருக்கும் ஆளைப் பயமுறுத்துறதே ஒரு பொழைப்பா?" என்று சிரித்தார். "பதினோரு வருஷமா உங்கண்ணனோட குடும்பம் நடத்துறேன். லிஃப்டெல்லாம் எனக்கு எம்மாத்திரம்? மாட்டு."

நான் ஹெட்செட்டை மாட்டி, அவர் முடி சிக்காமல் பின்பட்டையை இறுக்கினேன். கைப்பிடிகளின் கயிறுகளை மணிக்கட்டில் கோத்துவிட்டேன். நான் பேச மாட்டேன், என்ன கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேன், அதுதான் விதி என்று சொன்னேன். முடியாவிட்டால் தாமே கழற்றிவிடலாம் என்பதை மற்ற ஐந்து பேருக்கும் சொன்னேன், அண்ணிக்குச் சொல்லவில்லை. வீட்டு மனுஷிதானே என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு மேசைக்குப் போய், என் காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து உட்கார்ந்தேன். ஆளைப் பார்க்க யாரும் இல்லை.

இதற்குப் பிறகு நான் சொல்லும் நேரங்கள் கணினியில் தானாகப் பதிவானவை. இரண்டாவது நிமிடத்தில் அண்ணி லிஃப்டில் இருக்கும் கண்ணாடியைப் பார்த்து, "இதுல என் மூஞ்சியே தெரியலையே, பேயா நான்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நான்காவது நிமிடத்தில் லிஃப்ட் முதல் முறை நழுவியது. அவர் மூச்சு வேகமாவது ஹெட்போனில் கேட்டது. நான் நோட்டில் 'பயம் வேலை செய்கிறது' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த நோட்டை இத்துடன் ஒப்படைத்திருக்கிறேன்.

ஆறாவது நிமிடம் பத்தாவது நொடியில் அண்ணி, "ஏம்மா, எனக்கு ஒரு மாதிரியா வருது, கழட்டிடவா?" என்று கேட்டார். நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, "ஓ, நீ பேச மாட்டேல்ல. சரி சரி, உன் வேலை கெடக் கூடாது" என்று சொன்னார். அப்போதும் நான் பேசவில்லை. இதை இன்றுவரை என் அண்ணனிடம்கூட நான் சொன்னதில்லை.

ஆறாவது நிமிடம் நாற்பத்திரண்டாவது நொடியில் திரையில் பார்வை கீழே விழுந்தது. லிஃப்டின் தரை பக்கவாட்டில் தெரிந்தது, கைகள் இரண்டும் அந்தத் தரையில் கிடந்தன. மேசை லேசாக அதிர்ந்தது போல் இருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது, அதுவும் அண்ணன் மீது. காலையில் வந்த அதே கோளாறு, சரியாகிவிட்டது என்றாரே என்று. நோட்டில் 'மறுபடியும் உயரம் போய்விட்டது, கைகள் தரையில்' என்று எழுதினேன்.

அதன் பிறகு, சோதனைதான் கெட்டுவிட்டதே, இனிப் பேசினால் பரவாயில்லை என்று, திரையைப் பார்த்தபடியே, "அண்ணி, கையைக் கொஞ்சம் ஆட்டுங்க" என்றேன். திரையில் கைகள் அசையவில்லை. "அண்ணி, ஆட்டுங்கன்னா!" என்று மறுபடியும் சொன்னேன். அந்தக் குரலில் எரிச்சல் இருந்தது. பதில் வராததால், விளையாட்டில் மூழ்கிப்போய் என் குரல் கேட்கவில்லை என்று நினைத்தேன். அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறோமே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அதன் பிறகு நிரலைத் திறந்து, அண்ணன் காலையில் மாற்றிய வரிகளைத் தேடிப் பார்த்தேன். எனக்கு அது பிடிபடவில்லை. அதன் பிறகு அண்ணனுக்குப் போன் செய்தேன். "நீ சரி பண்ணவே இல்லை, மறுபடியும் தரைக்குப் போயிடுச்சு" என்று கத்தினேன். இருக்காது, முப்பது தடவை ஓட்டிப் பார்த்தேன் என்றார். பிறகு, யார் ஆடுகிறார்கள் என்று கேட்டார். அண்ணி என்றேன்.

 அண்ணன், "அவ நின்னுட்டுதானே இருக்கா?" என்று கேட்டார்.

அப்போதுதான் நான் திரும்பினேன். பதிவின்படி பன்னிரண்டாவது நிமிடம் ஐம்பத்தைந்தாவது நொடி. பார்வை விழுந்ததிலிருந்து ஆறு நிமிடம் பதின்மூன்று நொடி. எனக்கும் அண்ணிக்கும் நடுவே மூன்று எட்டு தூரம்கூட இல்லை. அண்ணி வலது பக்கமாகச் சரிந்து கிடந்தார். சுவரோரம் இருக்கும் இரும்பு அலமாரியின் முனையில் ரத்தம் இருந்தது. ஹெட்செட் தலையிலேயே இருந்தது, மூக்குப் பக்க இடைவெளியில் லிஃப்டின் வெளிச்சம் அவர் கன்னத்தில் விட்டுவிட்டு எரிந்தது. நான் முதலில் செய்தது கணினியில் விளையாட்டை நிறுத்தியது. ஏன் அதை முதலில் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அதன் பிறகுதான் ஹெட்செட்டைக் கழற்றினேன், பின்பட்டையை நான் இறுக்கியிருந்ததால் சீக்கிரம் வரவில்லை. அதன் பிறகு ஆம்புலன்சுக்குச் சொன்னேன்.

மருத்துவமனையில் அண்ணிக்குத் தலையில் அறுவை சிகிச்சை நடந்தது. உள்ளே ரத்தம் கசிந்து தேங்கியிருந்தது என்றும், இப்படிப்பட்டதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு என்றும் மருத்துவர் சொன்னார். அப்போது அண்ணன் என்னை மாடிப்படிக்கு அருகே கூட்டிப்போனார்.

"கேபிள் வாங்கப் போனது நீ. அவளுக்கு மாட்டிவிட்டது நான். புரியுதா?"

"எதுக்குண்ணா?"

"அவங்க அம்மா உன்னைச் சும்மா விட மாட்டாங்க. நான் புருஷன், திட்டுவாங்க, அவ்வளவுதான். நீ வாயைத் திறக்காதே."

நான் தலையாட்டினேன். பயத்தில்தான் தலையாட்டினேன், வேறு காரணம் எதுவும் இல்லை. அன்று மாலை அண்ணன் இங்கே வந்து அவ்வாறே எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு நடந்தது நாங்கள் இருவரும் எதிர்பாராதது. அண்ணியின் அம்மா அண்ணனை அறைக்குள் விட மறுத்துவிட்டார். கட்டிய பெண்டாட்டியை வைத்தே சோதனை செய்தவன், மறுபடி அவளைத் தொடக் கூடாது என்று கதவை மறித்து நின்றார். மூன்று நாளாக அண்ணன் நடைக்கூடத்தில் செருப்பு வைக்கும் இடத்தருகே உட்கார்ந்திருக்கிறார். அண்ணி இடையிடையே கண் திறக்கிறார். யாரையும் அடையாளம் தெரியவில்லை, பேச்சு வரவில்லை. ஆனால் கை மட்டும் போர்வை மீது எதையோ துழாவிக்கொண்டே இருக்கிறது. பிடித்துக்கொள்ள அண்ணன் அங்கே இல்லாததால் நான் பிடித்துக்கொள்கிறேன். பிடித்தால் அடங்குகிறது. அது என் கை என்பது அவருக்குத் தெரியாது.

நேற்று அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தபோது அண்ணியின் அம்மா என் தலையைத் தடவி, "நீ அங்க இருந்திருந்தா என் பொண்ணுக்கு இப்படி ஆயிருக்காதும்மா" என்றார்.

தங்கள் கேள்விக்குப் பதில்: ஆட்டம் முழுவதும் பதிவான படமும் ஓசையும் அடங்கிய பென்டிரைவை ஒப்படைத்திருக்கிறேன். அண்ணன் அதை அழிக்கச் சொன்னார், நான் அழிக்கவில்லை. அதில் கேட்கும் குரல்கள் இரண்டு, ஒன்று அண்ணியுடையது, மற்றொன்று என்னுடையது. என் அண்ணனின் குரல் அதில் எங்கும் இல்லை. அவருக்குப் போன் செய்த விவரம் என் கைபேசியில் இருக்கிறது. என்னை என்ன செய்தாலும் சரி, இன்று மாலைக்குள் அண்ணனை அந்த அறைக்குள் விட வழி செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

எழுத்தர் இதை வாசித்துக் காட்டினார். 'கவனிக்கத் தவறிவிட்டேன்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார், அதை அடிக்கச் சொன்னேன். நான் கவனமாகத்தான் இருந்தேன். ஒவ்வொரு நொடியையும் குறித்திருக்கிறேன். திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அப்படியே எழுதச் சொன்னேன், எழுதிவிட்டார். மற்றவை அனைத்தும் நான் சொன்னது சொன்னபடியே இருக்கின்றன, எதையும் கூட்டவில்லை, எதையும் மறைக்கவில்லை.

அண்ணன் மீது இன்னொரு புகார் கொடுப்பதற்காக அண்ணியின் அம்மா இன்று இங்கே வந்தார். தனியாக வரப் பயமாக இருக்கிறது என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இதைத் தாங்கள் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டு நானே போய்ச் சொல்கிறேன்.

(கையொப்பம்)