பொட்டலத்தில் போடும் பெயர்

"உங்க பேரைப் போட்டீகன்னா நான் எப்படி விக்கிறது?"

காரைக்குடிக்குப் போகும் மோட்டார் பஸ்ஸில் இந்தக் கேள்வி காதில் விழுந்தது. முன்னிருக்கையில் சீயக்காய்த்தூள் விற்கும் புருஷனும் பெண்டாட்டியும். பொட்டலத்துக்குப் பெயர் அச்சடிக்க அச்சாபீசுக்குப் போகிறார்கள்.

"மதுரைச் சரக்கெல்லாம் இப்பப் பேரோடதான் வருது. நம்ம பக்கம் இன்னும் ஒருத்தரும் போடலை. நாம முந்திக்கிடணும்."

"முந்திக்கங்க, வேணாங்கலை. கடையில இருக்கிறவ நானு. 'இது என்ன சீயக்கா'ன்னு கேட்டா, கட்டுனவரு பேரை என் வாயால சொல்லணுமா?"

அவர் இதை யோசித்திருக்கவில்லை.

"அப்ப உன் பேரைப் போட்டுருவோம்."

"நல்லாத்தான் இருக்கு! கலியாணம் கட்டுன நாள்லேருந்து 'ஏ புள்ள'ன்னுதான் கூப்புடுறீக. எம் பேரு ஞாபகம் இருக்கா?"

அதற்குள் அச்சாபீஸ் முக்கில் பஸ் நின்றது. முதலில் இறங்கியவர் திரும்பிக் கையை நீட்டினார்.

"பாத்து எறங்கு, பொன்னழகு."

அவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"மெள்ளச் சொல்லுங்க. நாலு பேருக்குக் கேக்கப் போகுது."