அண்ணனுக்குத் தனி டம்ளர்

“இஞ்சியைத் தோல் சீவித்தான் போடணுமா?” என்று அண்ணன் கேட்டார்.

“சீவாமப் போட்டா மண் வாசம் அடிக்கும்லா,” என்றேன்.

“சரி, சீவு.” கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆதி ஃபோன் பண்ணினான். சான்பாடா வீட்ல லிஃப்ட் இருக்காம். எனக்குன்னு ஒரு ரூமை ஒழிச்சு வச்சிருக்கானாம். கிறிஸ்மஸ் அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போறேங்கான்.”

“போங்கண்ணே. நல்லதுதான.”

“நீ என்ன செய்வ, செல்வி?”

“எனக்கென்ன. நான் பாட்டுக்கு இருப்பேன்.”

அவ்வளவுதான் பேச்சு. போன வருஷம் டிசம்பரில், செம்பூரில் எங்கள் வீட்டு அடுக்களையில் நடந்தது. டாக்டரம்மா, நேற்று ரவுண்ட்ஸ் வந்தபோது நீங்கள் கேட்டீர்கள். மருந்து சரியாகப் போகிறது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு அளவாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன் இவருக்குச் சர்க்கரை இறங்கவே மாட்டேன் என்கிறது, வீட்டிலிருந்து என்ன கொண்டுவருகிறீர்கள் என்று. கஞ்சி என்றேன். அது பொய் இல்லை. கஞ்சியும் கொண்டுவருகிறேன். மீதியைச் சொல்லத்தான் இப்போது வந்திருக்கிறேன். நீங்கள் இங்கேயே முலுண்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் என்று நர்ஸ் சொன்னாள். என் திருநெல்வேலித் தமிழ் எங்கேயாவது புரியாமல் போனால் நிறுத்திக் கேளுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

நான் பம்பாய்க்கு வந்தது அண்ணி தங்கத்தாய் தவறிய வருஷம். அவர்கள் மகன் ஆதிக்கு அப்போது சட்டைப் பித்தான் போடக்கூடத் தெரியாது. அண்ணனுக்கு அணுசக்தி நகரில் டெக்னீஷியன் வேலை. காலையில் ஸ்டாஃப் பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவார். ஒரு மாதம் கூடமாட இருந்துவிட்டு வா என்று அம்மா என்னை ரயில் ஏற்றிவிட்டாள். அந்த மாதம் இன்னும் முடியவில்லை. என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. நடுவில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஆதிக்குப் பரீட்சை முடியட்டும் என்றார்கள், பிறகு அடுத்த பரீட்சை வந்தது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. அண்ணன் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, செம்பூரில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடியில் ஒரு சின்ன வீடு வாங்கினார். ஆதித்யன் படித்தான், வேலைக்குப் போனான், ஸ்மிதாவைக் கட்டிக்கொண்டு சான்பாடாவில் குடியேறினான். ஸ்மிதா மராட்டிப் பெண். நல்ல பெண். என்னை ‘ஆத்யா’ என்று கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் அத்தைதான்.

கிறிஸ்மஸ் அன்று மட்டும் எங்கள் வீட்டில் உட்கார இடம் இருக்காது. அதிகாலை ஆராதனை முடிந்து வந்து, ஒரு கண் அயர்ந்து எழுந்தால் ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். காலைப் பலகாரமும் இல்லை, மத்தியானச் சாப்பாடும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அதற்கு பிரஞ்ச் என்று பெயர் இருப்பது ஸ்மிதா வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். இட்லியும் கறிக்குழம்பும் எல்லார் வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் குடிக்கத்தான் வருவார்கள். இஞ்சி ஒயின், திராட்சை ரசம், வெயில் இருந்தால் நன்னாரி. ஒயின் என்று பேர்தானே தவிர அதில் போதை கிடையாது. இஞ்சியை நசுக்கி, இரண்டு வற்றல் மிளகாய், பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சி, எலுமிச்சம்பழம் பிழிந்து, சீனியைக் கருக்கி நிறத்துக்குச் சேர்ப்பது. தொண்டையில் எரிந்துகொண்டே இறங்கும். குடிப்பவர்கள் முகம் சிவந்து சிரிப்பார்கள். அந்த ஒரு நாள் அவர்கள் சிரிப்பதைப் பார்க்கத்தான் நான் நவம்பரிலேயே இஞ்சி தேட ஆரம்பிப்பேன். ஒற்றை ஆளுக்காக யாரும் இஞ்சி ஒயின் காய்ச்ச மாட்டார்கள், டாக்டரம்மா. கடையில் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

எங்கள் சபையில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. அதனால் மேசையில் இரண்டு ஜக் வைப்பேன். ஒன்று சீனி போட்டது. இன்னொன்று சீனிக்குப் பதில் இனிப்பு மாத்திரை கரைத்தது. இதற்குத்தான் சுகர் ஜக் என்று பேர். கீழ்வீட்டு மாரிசெல்வி வருஷா வருஷம் இதைச் சொல்லிச் சிரிப்பாள். “யக்கா, சுகர் ஜக்குங்கிய, சுகரக் காணுமே. கிறிஸ்மஸ் அதுவுமா ஆள ஏமாத்தலாமா?” என்பாள். நான் யாரையும் ஏமாற்றியதில்லை. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள். அந்த ஜக்கில் ஒரு துளி சீனி சேர்த்து நான் எந்த நோயாளிக்கும் கொடுத்தது கிடையாது. அண்ணனுக்குத் தனி டம்ளர். அதை நான் அடுக்களையிலேயே ஊற்றிக் கொண்டுவருவேன்.

போன கிறிஸ்மஸ் அன்று அண்ணனின் பெட்டி வாசல் பக்கத்தில் தயாராக இருந்தது. ஆதி காரைக் கீழே நிறுத்திவிட்டு வந்திருந்தான். ஸ்மிதா கோகம் என்கிற புளிப்புப் பழச் சாற்றில் சோடா விட்டு, புதினா கிள்ளிப் போட்டு, உயரமான கண்ணாடி கிளாஸ்களில் எல்லாருக்கும் கொடுத்தாள். பார்க்க அழகாக இருந்தது. எல்லாரும் அதையும் குடித்து, என்னுடையதையும் குடித்தார்கள். ஸ்மிதா என் தோளில் கை போட்டு, “ஆத்யா, ஆப் பீ ஆயா கரோ நா, சண்டே கோ,” என்றாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகலாமாம். அவள் மனதில் கள்ளம் இல்லை. அந்த வீட்டில் இருப்பது இரண்டு அறைகள்தான். எனக்கு அது புரிந்தது.

கை தவறிவிட்டது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். கை தவறவில்லை. அண்ணனின் டம்ளரோடு அடுக்களைக்குப் போனேன். கை சீனி போட்ட ஜக்கின் பக்கம் போனது. நான் தடுக்கவில்லை. அண்ணன் குடித்துவிட்டு, “நல்லாருக்கு,” என்றார். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அதையும் குடித்தார். கூட்டம் கலைந்து கிளம்புகிற நேரத்தில் அவருக்குத் தலை கிறுகிறுத்தது, வாய் உலர்ந்தது. ஆதி விரலில் குத்தி மெஷினில் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

“அத்தை, ரீடிங்கப் பாருங்க. இன்னைக்கு ஷிஃப்ட் பண்றது ரிஸ்க். அப்பா இங்கயே இருக்கட்டும். நீங்க பக்கத்துல இருந்தாத்தான் சரி.”

இந்தக் குடும்பத்தில் என்னை இருக்கச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பெட்டியைப் பிரித்து வேட்டிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன். வெளியே எங்கோ பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். நானும் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அது பெரிய காரியமாகவே தோன்றவில்லை. ஆதி ஒரு தேதி சொல்வான். அதற்கு முந்தின சில நாட்கள் அண்ணனின் எலுமிச்சை ஜூஸில் சீனி சேரும். ரீடிங் ஏறும். தேதி தள்ளிப் போகும். ஈஸ்டருக்குத் திராட்சை ரசம், சபையில் அறுப்பின் பண்டிகைக்குப் பானகம். பண்டிகை என்றால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கேக் தின்றிருப்பார், யாராவது லட்டு கொடுத்திருப்பார்கள் என்று அவர்களே காரணம் சொல்லிக்கொள்வார்கள். மாத்திரையை நான் ஒரு வேளைகூட மறந்தது கிடையாது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது அவர் கெட்டுப் போக வேண்டும் என்பதல்ல. கொஞ்சம் முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சான்பாடாவில் புருஷனும் பெண்டாட்டியும் காலையிலேயே ஆபீஸ் போய்விடுவார்கள். அவருக்கு யார் நேரத்துக்குத் தட்டு வைப்பார்கள்? அதையும் நான் யோசித்தேன்.

ஈஸ்டர் அன்று மட்டும் அண்ணன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார்.

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்ல. நீ குடிச்சியா?”

“பொறவு குடிக்கேன்.”

ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை என் கையில் கொடுத்தார். நான் குடித்தேனா என்று என்னைக் கேட்பதற்கு உலகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார். அவரை எப்படி அனுப்ப முடியும், சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் செருப்பு வார் உரசிக் கால் கட்டைவிரலில் புண் வந்தது. ஆறவில்லை. தினமும் வெந்நீரில் கழுவி, மருந்து வைத்துக் கட்டுவேன். பாத்ரூம் போக என் தோளைப் பிடித்துக்கொள்வார். சாயங்காலங்களில் டிவியை அணைத்துவிட்டு, சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டைகளைப் பற்றிப் பேசுவோம். இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்து அவர் என்னோடு அவ்வளவு பேசியதில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குப் பம்பாயில் வாய்த்த நல்ல வருஷம் இதுதான். சீனியை நிறுத்தியிருந்தால் புண் ஆறியிருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். புண் ஆறினால் படி இறங்கிவிடுவார் என்றும் நினைத்தேன்.

போன மாதம் முதலில் விரலை எடுத்தீர்கள், பிறகு பாதத்தை எடுத்தீர்கள். கண்ணும் மங்கிவிட்டது என்றீர்கள். ஆதி அந்தத் தாழ்வாரத்தில் நின்று அழுதான். சக்கர நாற்காலி, ஆள் வைத்துப் பார்ப்பது, ஸ்மிதாவின் வேலை எல்லாவற்றையும் பேசிவிட்டு, “அத்தை, அப்பாவை இனிமே நீங்கதான் பாத்துக்கணும்,” என்றான். சான்பாடா பேச்சு அதோடு முடிந்தது. பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். அண்ணனின் கால் போன நாளில் எப்படித் தூங்கினாய் என்று நீங்கள் கேட்கலாம். யாரும் எங்கேயும் போகப் போவதில்லை என்று தெரிந்தால் தூக்கம் தானாக வரும்.

இனித் தேவையே இல்லாதபோது இங்கேயும் எதற்குச் சீனி போட்டுக் கொண்டுவந்தாய் என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. குணமாகிவிட்டால் வீட்டுக்கு அனுப்பலாம் என்று நீங்கள் ஆதியிடம் சொன்னீர்கள். கட்டைக்கால் பொருத்தலாம், நடை பழகலாம், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னீர்கள். அதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னீர்கள்.

இன்று கிறிஸ்மஸ். வீட்டுக்கு யாரையும் வரச் சொல்லவில்லை. மாரிசெல்வி மட்டும் கதவைத் தட்டி ஒரு தட்டு கேசரி கொடுத்துவிட்டுப் போனாள். ஆனாலும் பழக்கம் விடவில்லை, காய்ச்சினேன். பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, ஆராதனை முடிந்ததும் நேராக இங்கே வந்துவிட்டேன். வார்டில் நர்ஸுகள் ஆளுக்கொரு காகிதத் தொப்பி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அண்ணன் தலையிலும் ஒன்று இருந்தது. தலையணையை நிமிர்த்தி உட்காரவைத்து, டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தேன். ஹேப்பி கிறிஸ்மஸ் அண்ணே என்றேன்.

அவர் வாங்கிக்கொண்டார். வாயில் வைக்கவில்லை. முகர்ந்தும் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

நீங்கள் கொடுக்கிற வலி மாத்திரையில் மனுஷருக்குப் புத்தி குழம்புவது உண்டா, டாக்டரம்மா? அதைக் கேட்கலாம் என்றுதான் முக்கியமாக வந்தேன். ஏனென்றால் அவருக்கு எதுவும் தெரியாது. ஒரு வருஷமாக நான் கொடுத்ததையெல்லாம் நல்லாருக்கு, நல்லாருக்கு என்று சொல்லித்தான் குடித்தார். ஒரு நாள், ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னதில்லை. இன்றைக்குக் கோபமாகவும் பேசவில்லை. சின்ன வயதில் என் பங்குப் பலகாரத்தில் ஒரு துண்டு கேட்பாரே, அந்தக் குரலில், மெதுவாகத்தான் கேட்டார்.

“ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன், செல்வி. இனிமேலாவது எனக்குச் சீனி போடாதட்டி.”